நிழலில் பதினோரு நந்தியாவட்டை

பத்தொன்பதாவது இலையைத் துடைக்கும்போது யாராவது கூப்பிட்டால் காயில்காரர் வாயைத் திறக்கமாட்டார். இடதுகையின் ஆள்காட்டி விரலை மட்டும் மேலே தூக்குவார். ‘எண்ணிக்கொண்டிருக்கிறேன், பொறு’ என்று அர்த்தம். கூப்பிட்டவர் பொறுக்க வேண்டியதுதான். பழைய பனியனைக் கிழித்த ஈரத்துணியால் இலையின் மேல்பக்கம் ஓர் இழுப்பு, அடிப்பக்கம் ஓர் இழுப்பு. இருபதாவதையும் அப்படியே முடித்துவிட்டுத்தான் தலையைத் திருப்புவார். "ம்… இப்ப சொல்லுங்க."

இலையை எதற்கு எண்ண வேண்டும் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கை அது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக்கம்பியை வெட்டியெடுத்து, புதுக்கம்பியைக் கைமெஷினில் சுற்றி உள்ளே இறக்குவது தொழில். ஒரு சுற்று கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. "சுத்து தப்பினா சூடு, சூடு ஏறினா புகை." கடைக்கு வருகிறவர்களிடம் அவர் பேசும் தத்துவம் அவ்வளவுதான். எண்ணி எண்ணிப் பழகி, மாடிப்படி, பல் தேய்க்கும் இழுப்பு, தேநீர் கலக்கும் கரண்டியின் சுற்று என்று எல்லாவற்றுக்கும் உதடு தானாக அசைகிறது.

முன்னறைதான் கடை. அதற்குப் பின்னால் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. பின்கதவைத் திறந்தால் பன்னிரண்டடி நீளமும் ஒன்பதடி அகலமுமாக ஒரு முற்றம். கிழக்கே அட்டைப்பெட்டிக் கிடங்கின் நாலுமாடிச் சுவர். தெற்கே அச்சகத்தின் முதுகு. மேற்கே பக்கத்து வீடு, அதன் தலையில் இரண்டு தண்ணீர்த்தொட்டி. நட்டநடு உச்சியில், அதுவும் வருஷத்தில் சில நாட்கள் மட்டும், ஒரு தேநீர் ஆறுகிற நேரத்துக்கு வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும். மற்றபடி விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை ஒரே மாதிரி, மழைக்கு முன்னால் இருப்பது போன்ற ஒரு வெளிச்சம். "நம்ம வீட்டு விலாசம் சூரியனுக்கே தெரியாது" என்பார்.

அந்த முற்றத்தின் மூன்று சுவரோரமும் பதினோரு நந்தியாவட்டை நிற்கிறது. இடுப்புயரம், சில மார்புயரம். கரும்பச்சை இலை, எண்ணெய் தடவிய பளபளப்பு. அந்த மங்கலில் வெள்ளைப் பூக்கள் மட்டும் தனியாகத் தெரியும். ஐந்து இதழும் காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகத் திரும்பிய பூ. பதினொன்றில் ஒன்றாவது பூக்காத நாள் இல்லை.

விஷயம் தெரிந்தவர்கள் அவர் துடைப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏனென்றால் நந்தியாவட்டை யாருடைய தயவையும் எதிர்பார்க்காத செடி. நிழலைப் பொறுத்துக்கொள்ளும். கோடையிலும் இலை உதிர்த்து நிற்காது. மண் காய்ந்தால் தண்ணீர், பூத்து ஓய்ந்தபின் நுனியில் கொஞ்சம் கத்தரிப்பு, எப்போதாவது ஒரு பச்சைப் புழு வந்தால் பொறுக்கிப் போடுவது. இதற்குமேல் அதற்கு ஒன்றும் வேண்டாம். விடுமுறை நாட்களில் வந்து எட்டிப் பார்க்கும் கொழுந்தியாள் வாசற்படியில் நின்று கேட்பாள்: "அத்தான், துடைச்சாச்சா? பவுடர் போட்டுத் தலை சீவி விடலையா?"

அவரும் சிரிப்பார். ஆனால் துணியைக் கீழே வைக்கமாட்டார்.

அவர் மனைவியை ஊரில் எல்லோரும் டீச்சர் என்றார்கள். அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு முன் அந்தப் பெயரில்தான் அவளைத் தெரியும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெண்கள் பள்ளியில் கிணற்று மோட்டார் எரிந்துபோய்ச் சரிபார்க்கப் போனவர், மைதானத்தில் விசிலோடு ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு டீச்சரைப் பார்த்தார். மோட்டாரில் ஒரு கோளாறும் மிச்சமில்லாதபோதும் மூன்று நாள் போனார். மூன்றாம் நாள் டீச்சரே வந்து, "மோட்டார் நல்லாத்தானே ஓடுது, உங்களுக்கு என்ன ரிப்பேர்?" என்றாள். அப்போது இரண்டு பேருக்குமே கல்யாண வயது தாண்டியிருந்தது. யாரும் குறுக்கே நிற்கவில்லை. குழந்தை வாய்க்கவில்லை. "நாப்பது நாப்பதா வருஷத்துக்கு இருநூறு பிள்ளை எனக்கு" என்று அவள் அதையும் சிரித்துத் தள்ளினாள்.

வெயில்தான் அவளுக்கு வீடு. புறங்கை கருத்து, குதிகால் வெடித்து, கைக்கடிகாரத்தின் அடியில் மட்டும் ஒரு பட்டை வெளுத்திருக்கும். குடை பிடித்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால், "கரையறதுக்கு நாமென்ன சர்க்கரையா?" என்பாள். வீட்டுக்குள் வந்தாலும் விசில் கழுத்தில்தான். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று என்பதற்கு ஒரு ஊதல். குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால் இரண்டு ஊதல்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் வெயில் ஆகாத நோய் வந்தது. முதலில் விரல் மூட்டில் வலி. பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. மைதானத்தில் நின்று வந்த அன்றெல்லாம் காய்ச்சல். அம்மை, ஒவ்வாமை, அலுப்பு என்று ஆளுக்கு ஒன்று சொல்லி, கடைசியில் ஒரு பெரிய டாக்டர் பெயர் வைத்தார். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய். வெயில் பட்டால் அது மூர்க்கமாகும். சிறுநீரகம் வரை போகும். "வெயில் கூடவே கூடாதும்மா" என்றார். டீச்சர், "காலை வெயில்?" என்று கேட்டாள். "அதுவும்." "சாயங்காலம்?" டாக்டர் தலையைத்தான் ஆட்டினார்.

காயில்காரர் அன்றே வீட்டுக்கு வந்து ஜன்னல்களை அளந்தார். மோட்டாருக்குள் காயிலுக்கும் இரும்புக்கும் நடுவில் வைக்கிற தடித்த பழுப்புக் காகிதத்தை வெட்டிக் கண்ணாடிகளில் ஒட்டினார். ஒரு நூலிழை இடைவெளி விடவில்லை. தொழில் சுத்தம். அறைக்குள் நாள் முழுக்கக் கஷாய நிறத்தில் ஒரு வெளிச்சம். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னை மோட்டாருக்குள்ள வச்சுச் சுத்திட்டீங்க."

மாத்திரைக்கு மணி, தண்ணீருக்கு அளவு, வாசலுக்கு எத்தனை அடி தள்ளி நிற்கலாம் என்பதற்குத் தரையில் சாக்பீஸ் கோடு. எல்லாம் செய்தார். அவள் பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது மாதம் ஒருநாள் அழுதாள். அவள் அழுது அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வெளியில உக்காரணுங்க. ஒரு சுவரையாவது பார்த்துட்டு. மேல கொஞ்சம் வானம் இருந்தாப் போதும்."

அப்போதுதான் பின்முற்றம் அவர் நினைவுக்கு வந்தது. எரிந்த மோட்டார் ஓடுகளும் துருப்பிடித்த இரும்பும் அதில் இடுப்புயரத்துக்குக் குவிந்திருந்தன. நான்கு நாளில் அள்ளி வெளியேற்றினார். மூங்கில் நாற்காலி ஒன்று போட்டார். டீச்சர் வந்து உட்கார்ந்து, மூன்று பக்கமும் எழும்பி நின்ற சுவரை அண்ணாந்து பார்த்தாள். "ஜெயில்ல கூட நாலு செடி வச்சிருப்பாங்க" என்றாள்.

அவர் ரோஜா வாங்கி வந்தார். மொட்டோடு வந்தது, மொட்டோடு கருகியது. செம்பருத்தி இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. சாமந்தி வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டி ஒடிந்து விழுந்தது. ஒவ்வொன்று போகும்போதும் டீச்சர், "அவுட்!" என்று கையைத் தூக்குவாள். சிரிப்பாகத்தான் சொல்வாள். அவருக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைக்கும்.

செடி விற்கும் அம்மாள் ஒருத்தி, மண்ணெண்ணெய் டின்களில் நாற்று வளர்ப்பவள், அவர் நான்காவது தடவை போனபோது இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அண்ணா, எந்த இடத்துல வைக்கிறீங்க?"

அவர் சொன்னார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? வெயில் குடிக்கிற செடியை இருட்டுல வச்சா பட்டினி கிடந்து சாகாதா?" மூலையில் கிடந்த ஒரு புதரிலிருந்து பென்சில் தடிமனில் குச்சிகளை வெட்டினாள். வெட்டின இடத்தில் பால் சொட்டியது. "பால் காயட்டும். மணல்ல குத்தி வையுங்க. வேர் விட்டதும் மண்ணுக்கு மாத்துங்க. நந்தியாவட்டைண்ணா இது. வச்சிட்டு மறந்துடுங்க. அது பாட்டுக்கு வரும்."

முதல் பாதியை அவர் அப்படியே செய்தார். மறப்பதுதான் முடியவில்லை. காலையில் தண்ணீர், மத்தியானம் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். புண்ணாக்குக் கரைசல். நிற்கிற செடிக்கு முட்டுக்கொடுக்க மூங்கில் குச்சி. ஒரு மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளாகிப் பொலபொலவென்று கொட்டியது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு. இன்னும் ஒரு குடம் ஊற்றினார்.

டீச்சர்தான் எழுந்தாள். நாற்காலியை முற்றத்து வாசலில் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னியிலேருந்து ஒரு மாசம் நீங்க இந்தப் பக்கம் வரக்கூடாது."

"காஞ்சிடும் டீச்சர்."

"காயட்டும். நீங்க கவனிச்சே கொன்னுடுவீங்க."

குடத்தோடு அவர் பக்கத்தில் வந்தாலே விசில் பறந்தது. பெரிய மோட்டார் ஒன்றுக்கு இருநூறு சுற்று எண்ணிக்கொண்டிருந்தவர், பின்பக்கம் என்னாயிற்றோ என்று நூற்று எண்பதில் கணக்கை விட்டார். அந்த ஒரு மாதத்தில் மூன்று காயிலை அவிழ்த்துச் சுற்றினார். மாதம் முடிந்த அன்று அவள் வழிவிட்டாள். பன்னிரண்டில் ஒன்று போயிருந்தது. மற்ற பதினொன்றும் கணுவுக்குக் கணு புதுத்துளிர் விட்டு நின்றன. அதன்பின் ஐந்தாவது மாதம் முதல் பூ. காலையில் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிடவில்லை. விசிலை எடுத்து, பந்தயம் ஜெயித்தவளுக்கு ஊதுவாளே, அந்த நீள ஊதல் ஊதினாள்.

நாலு வருஷம் அந்த முற்றத்தில் அவள் நன்றாகவே இருந்தாள் என்று சொல்ல வேண்டும். மூங்கில் நாற்காலி, மடியில் செய்தித்தாள், காலடியில் தண்ணீர்ச் செம்பு. பூவை எண்ணி ஒரு பழைய ஸ்கோர் நோட்டில் எழுதுவாள். செடிகளுக்கு நம்பர். ஏழாம் நம்பர் சோம்பேறி. மூன்றாம் நம்பர் எப்போதும் முதலிடம். அவர் உள்ளே கம்பி சுற்றுவார், இவள் வெளியே இருந்து ரேடியோ கமெண்டரி மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆனால் இடையில் ஒருநாள் மேகம் மூடியிருக்கிறதே என்று யாரிடமும் சொல்லாமல் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாள். போன இடத்தில் மேகம் விலகிவிட்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. முகம் வீங்கி, கால் வீங்கி, தன் கணவரையே "யாரு?" என்று கேட்ட இரண்டு நாட்கள் உண்டு. "எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, இனிமே வாசல்படி தாண்ட விடமாட்டேன்" என்று காயில்காரர் அந்த வராந்தாவில் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயந்தவன் பிடி இறுகும் என்பார்கள். அவர் பிடி அன்றைக்கு இறுகியதுதான்.

அடுத்த வருஷம் ஒரு முற்பகலில் டீச்சரிடம் படித்த பெண் ஒருத்தி வந்தாள். ரிலே ஓட்டத்தில் எப்போதும் நாலாவதாக, கடைசியாக ஓடியவள். டீச்சர் அவளைக் ‘கடைசிக்காரி’ என்றுதான் கூப்பிடுவாள். "முன்னாடி மூணு பேரும் சொதப்பினாலும் இவ சரிபண்ணிடுவா." இப்போது அதே பள்ளியில், அதே மைதானத்தில் அவள்தான் விளையாட்டு டீச்சர். கையில் ஒரு அழைப்பு அட்டை. டீச்சர் ஆரம்பித்து வைத்த விளையாட்டு விழாவுக்கு அது இருபத்தைந்தாவது வருஷம். கடைசி ரிலேவுக்குக் கொடியசைக்க டீச்சர் வரவேண்டும்.

டீச்சர் உள்ளே மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்ப வேண்டாம் சார். நீங்களே சொல்லிடுங்க. டீச்சருக்காக நாங்க…"

"சொல்றேம்மா, சொல்றேன்." அந்தப் பெண் மேலும் என்னமோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் கதவைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்.

அட்டையைக் கம்பி அளவுக் கருவிகள் வைக்கும் டிராயரில், அடியில் வைத்தார். இரண்டு நாள் கழித்துத் தானே பள்ளிக்கு நடந்து போனார். "டீச்சருக்கு முடியாதாம்மா. வருத்தப்படாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்ததால் சரியாக வந்தது.

விழா அன்று மூன்று மணியிலிருந்தே மைக் சத்தம் கேட்டது. இரண்டு தெருதானே. அந்த நாலுமாடிச் சுவரில் மோதி முற்றத்துக்குள் சத்தம் சுழன்றது. பேச்சு ஒன்றும் புரியாது. இரைச்சல், கைதட்டல், நடுநடுவே விசில். டீச்சர் செய்தித்தாளை மடித்து வைத்தாள்.

"இன்னிக்கு விளையாட்டு விழாங்க."

காயில்காரர் ஏழாம் நம்பர் செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சும்மாயிருக்கப் பயந்து ஒரு துணியை எடுத்து இலையைத் துடைத்தார். இலை துடைக்கும் பழக்கம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

"இப்ப நூறு மீட்டர்… கேக்குதா? இது நீளம் தாண்டறது, அதான் சத்தம் கம்மியா இருக்கு." அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். "இருபத்தஞ்சாவது வருஷமில்ல இது? என்னைக் கூப்பிடவே இல்லையே."

அவர் ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணினார்.

"என்னங்க?"

"மறந்திருப்பாங்க."

டீச்சர் அதைக் கொஞ்சநேரம் வாயில் போட்டு மென்றது போலிருந்தது. "ம். மறக்கிறது சகஜந்தான். வருஷம் எத்தனை ஆச்சு" என்றாள். கடைசி ரிலே முடிந்து, கைதட்டல் அடங்கி, மைக்கை அணைக்கிற ‘டப்’ சத்தம் கேட்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நோட்டில் பூக்கணக்கு எழுதவில்லை.

எட்டு மாதம் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு டீச்சர் போய்விட்டாள். வானத்தில் வெயிலே இல்லாத வாரம். வெயிலிலிருந்து காப்பாற்றினால் போதும் என்று நினைத்திருந்தவருக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் கடைசிக்காரியும் இருந்தாள். அழுது முகம் வீங்கி, அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னிக்கு ஒருதடவை வந்திருக்கலாம் சார் டீச்சர். வேன் நிக்கிற இடத்துலேருந்து மேடை வரைக்கும் ரெட்டைத் தார்ப்பாய் கட்டியிருந்தோம். சுத்தியும் கறுப்புத்துணி. டாக்டரையே கேட்டுட்டுத்தான் பண்ணினோம். ஒரு பொட்டு வெயில் படாம கூட்டிட்டுப் போயிருப்போம். நாற்காலியைக் கடைசிவரைக்கும் எடுக்கவே இல்ல, மனசு மாறி வந்துடுவாங்களோன்னு."

அவர் தலையை ஆட்டினார். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. சுற்றிலும் ஆட்கள். கொழுந்தியாள் தோளைப் பிடித்து, "அத்தான், உக்காருங்க" என்றாள். மென்று விழுங்கிவிட்டார்.

அதற்குப்பின் இரண்டு வருஷமாக அந்த முழுங்கின சொல் உள்ளேயே கிடந்தது. கடை நடக்கிறது, மோட்டார்கள் எரிவதற்குக் குறைவில்லை. ஜன்னல் காகிதத்தைக் கொழுந்தியாள் வந்து கிழித்தெறிந்தாள். "இனிமே யாருக்கு இருட்டு?" என்றாள். சமையல் ஒருவேளை, சாப்பாடு இரண்டு வேளை. பின்னிரண்டு அறைகளையும் தாண்டி முற்றத்துக்கு வந்து இலை துடைப்பது மட்டும் ஒருநாளும் தவறவில்லை. யாராவது ஒருத்தர், "எதுக்குங்க இது, அது தன்னால வளர்ற செடியாச்சே?" என்று கேட்டால், "ஆமாங்க, அதுக்கு நான் தேவையில்லை" என்பார்.

போன மாதம் கடைசிக்காரி மறுபடி வந்தாள். பள்ளியில் புதுக் கட்டடம் எழுப்பியதில் மைதானத்தின் ஓரம் முழுக்க நிழல் விழுந்துவிட்டதாம். வைத்த செடியெல்லாம் செத்துப்போகிறதாம்.

"டீச்சர் வீட்டுல நிழல்லயே என்னமோ பூக்கும்னு ஞாபகம் வந்துச்சு சார். நாலு குச்சி கிடைச்சா… டீச்சர் செடின்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன்."

அவர் அன்றே மூன்றாம் நம்பரில் ஆறு குச்சி வெட்டினார். பால் காயும்வரை காத்திருந்தார். மணலில் குத்தினார். தண்ணீரைத் தொட்டுத் தெளித்ததோடு சரி. கையைக் கட்டிப்போட்ட மாதிரி தள்ளியே இருந்தார். ஆறும் வேர்பிடித்தன.

நேற்று அவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் நிறுத்தி வைத்துத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார். பிற்பகல். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுச் சின்னப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். புதுக் கட்டடத்தின் வடக்குச் சுவரோரம் மண் ஈரமாக, குளிர்ந்து இருந்தது. கடைசிக்காரி மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வேண்டாமென்று கையாலேயே குழி தோண்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது செடியை இறக்கி மண்ணைத் தள்ளும்போது கை நின்றது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"சொல்லுங்க சார்."

"டீச்சர் வரமுடியாதுன்னு சொல்லலை."

அவளுக்குப் புரியவில்லை. "எப்ப சார்?"

"விழாவுக்கு. நீங்க கொடுத்த கார்டை நான் அவங்ககிட்ட காட்டவே இல்லை. நானா வந்து உங்ககிட்ட அப்படிச் சொன்னேன். டிராயர்லயே இருக்கு இன்னும்."

கடைசிக்காரி அவருக்கு எதிரில் மெல்லக் குந்தினாள்.

"அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"மைக் சத்தம் கேட்டுச்சு. ஏன் கூப்பிடலைன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மறந்திருப்பாங்கன்னேன்."

மைதானத்தில் யாரோ ஒரு பெண் ஜெயித்திருக்க வேண்டும். கூச்சல் எழுந்து அடங்கியது.

"கடைசி ரிலேவுக்கு முன்னாடி மைக்கில அவங்க பேரைச் சொன்னேனே சார்" என்றாள் அவள். குரல் ஒடுங்கியிருந்தது. "எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோமே. அது கூடவா கேக்கலை?"

"கைதட்டல் கேட்டுச்சு. பேர் கேக்கலை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாங்க மறந்துட்டோம்னு நினைச்சுக்கிட்டேயா போனாங்க…" என்றாள். அவரிடம் கேட்டது போலவும் இல்லை. பயந்துட்டேன்மா என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் யாருன்னு கேட்டாளே, அதைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் தனக்கே வக்கீல் வைத்துக்கொள்வது போலிருந்தது. நாலாவது செடியைச் சுற்றி மண்ணைத் தள்ளி அழுத்தினார்.

மணி அடித்தது. பெண்கள் வரிசையில் நிற்க ஓடினார்கள். கடைசிக்காரி எழுந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மிச்சம் இரண்டு செடி இருந்தது. காயில்காரர் ஐந்தாவது குழியைத் தோண்டினார். வேரோடு ஒட்டியிருந்த மண் பாதி உதிர்ந்தது. அள்ளிச் சேர்த்து வைத்து அழுத்தினார். ஆறாவதை நட்டார். ஓரத்து மண்ணைக் கூட்டி அணைத்தார். வேலை முடிந்தபிறகும் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையிலும் மண் முழங்கை வரை அப்பியிருந்தது. அதைப் பார்த்தபடியே குந்தியிருந்தார்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கடைசிக்காரிதான். கண் சிவந்திருந்தது. கையில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் வாளி, ஒரு குவளை. அவரைப் பார்க்காமல் குவளையில் தண்ணீர் மொண்டு, நீட்டிப் பிடித்துக் காத்திருந்தாள்.

அவர் கைகளை நீட்டினார். அவள் ஊற்றினாள். மண் கரைந்து ஓடியது. கை சுத்தமான பிறகும் அவர் எடுக்கவில்லை. அவள் மறுபடி மொண்டு, மறுபடி ஊற்றினாள்.